ஆங்கிலத்தில் ஒருமை, பன்மை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி மாணவர்கள், வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்கள், பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தரும் பெற்றோர் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். ஸ்பெல்லிங் முக்கியமான இடத்தில் எழுத்தை எழுத்தாகச் சொல்லியிருக்கிறேன்.

எல்லோரும் பயப்படுவது 'மவுஸ் – மைஸ்', 'சைல்ட் – சில்ட்ரன்' என்ற பட்டியலைப் பார்த்துத்தான். அதில் பயப்பட எதுவுமில்லை, ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்களே சறுக்குவது வேறு இடங்களில்: 'ஃபர்னிச்சர்ஸ்', 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்', 'ஸ்டாஃப்ஸ்'. அதனால் அந்தப் பகுதிகள் இங்கே கொஞ்சம் நீளமாக இருக்கும்.

எஸ் சேர்த்தால் பன்மை. அவ்வளவுதானே?

பெரும்பாலான சொற்களுக்கு அவ்வளவுதான். புக் – புக்ஸ், பென் – பென்ஸ், டேபிள் – டேபிள்ஸ். சொல் எஸ், எக்ஸ், இசட், எஸ்-ஹெச், சி-ஹெச் என்று முடிந்தால் இ-எஸ் சேர்க்க வேண்டும்: பஸ் – பஸ்ஸஸ், பாக்ஸ் – பாக்ஸஸ், டிஷ் – டிஷ்ஷஸ், பெஞ்ச் – பெஞ்சஸ். கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் காதால் கேட்டு முடிவு செய்வது நல்லது. 'ஸ்டொமக்' என்ற சொல்லும் சி-ஹெச்சில்தான் முடிகிறது, ஆனால் ஒலி 'க்'. ஆகவே அதற்கு வெறும் எஸ் போதும்.

எழுதுவது ஒரே எஸ். உச்சரிப்பும் ஒன்றுதானா?

இல்லை, மூன்று உண்டு. கேட்ஸ், புக்ஸ், கப்ஸ் இவற்றில் தெளிவான 'ஸ்'. டாக்ஸ், பென்ஸ், கார்ஸ் இவற்றில் இசட் ஒலி, அதாவது தேனீ ரீங்காரம் போடுவது மாதிரி தொண்டை அதிரும் ஒலி. பஸ்ஸஸ், பாக்ஸஸ் இவற்றில் ஒரு சிறு உயிரொலி சேர்ந்து 'இஸ்' போல முடியும், அதிலும் கடைசியில் இசட்தான்.

எப்போது எது என்பதைத் தொண்டையில் விரலை வைத்துப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். ஒருமைச் சொல்லின் கடைசி ஒலி தொண்டையை அதிரச் செய்தால் பன்மையும் அதிரும். தமிழில் இசட் ஒலிக்கு எழுத்தில்லை, அதனால் எல்லாவற்றையும் 'ஸ்' என்றே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். சில இடங்களில் பொருள் மாறும்: பல பேனாக்களைக் குறிக்கும் சொல்லும் பிரிட்டிஷ் சில்லறைக் காசான 'பென்ஸ்' என்பதும் அந்த ஒரே ஒலியில்தான் வேறுபடுகின்றன.

ஆங்கிலேயக் குழந்தைகள் இந்த விதிகளைப் படித்தா கற்றுக்கொள்கிறார்கள்?

படிப்பதில்லை. இதைச் சோதித்துக் காட்டியவர் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க மொழியியலாளர், 1958-ல். பறவை மாதிரி ஒரு கற்பனைப் பிராணியின் படத்தைக் குழந்தைகளிடம் காட்டினார். 'இது ஒரு வக்' என்றார். டபிள்யூ-யூ-ஜி என்று அவரே உண்டாக்கிய சொல் அது. அடுத்த படத்தில் அதே பிராணி இரண்டு. 'இப்போது இரண்டு இருக்கின்றன. இரண்டு...' என்று பாதியில் நிறுத்துவார். அதுவரை கேட்டே இராத சொல்லுக்குக் குழந்தைகள் சரியாக இசட் ஒலி சேர்த்துப் பன்மை சொன்னார்கள். ஆக, அவர்கள் சொல் சொல்லாக மனப்பாடம் செய்யவில்லை, விதியைத் தாங்களாகவே பிடித்து வைத்திருந்தார்கள்.

எனக்கு இதில் அதைவிடச் சுவாரசியமானது அடுத்த பகுதி. 'டாஸ்' என்று இன்னொரு பொய்ச்சொல். 'கிளாஸ்' என்பதற்கு 'கிளாஸஸ்' என்று சரியாகச் சொன்ன குழந்தைகளில் பலர், டாஸுக்குப் பன்மை கேட்டபோது டாஸ் என்றே சொல்லிவிட்டார்கள். சொல் ஏற்கெனவே 'ஸ்' என்றுதானே முடிகிறது, பிறகென்ன என்று இருந்துவிட்டார்கள் போல. நம் பிள்ளை 'டூ பஸ்' என்றால் தலையில் குட்ட வேண்டாம், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைக்கும் கடைசியாகத்தான் இது பிடிபடுகிறது.

தமிழ் பேசுகிறவர்கள் பன்மையில் எஸ்-ஐ விட்டுவிடுவது ஏன்?

தமிழில் எண் வந்துவிட்டால் பன்மை விகுதி கட்டாயமில்லை. கடையில் போய் 'நாலு தேங்காய் கொடுங்க' என்கிறோம், 'நாலு தேங்காய்கள்' என்று கேட்டால் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். நன்னூல் இப்படிப்பட்ட சொல்லைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. 'மாடு வந்தது' என்றால் ஒன்று, 'மாடு வந்தன' என்றால் பல. எண்ணிக்கையை வினைச்சொல் பார்த்துக்கொள்ளும், பெயர்ச்சொல் அப்படியே நிற்கும்.

ஆங்கிலத்தில் நாலு என்று சொன்ன பிறகும் கோகனட்டுக்கு எஸ் போட்டே ஆக வேண்டும். நமக்கு அது ஒன்றையே இரண்டு முறை சொல்வதாகப் படுகிறது, உண்மையில் அப்படித்தான். ஆனாலும் விட முடியாது. பேசும்போது விட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். எழுத்தில் 'ஃபைவ் இயர் எக்ஸ்பீரியன்ஸ்' என்று ரெஸ்யூமேயில் இருந்தால் பளிச்சென்று தெரியும்.

ஒய், எஃப், ஓ என்று முடியும் சொற்களுக்கு என்ன விதி?

ஒய்-க்கு முன்னால் மெய்யெழுத்து இருந்தால் ஒய்-ஐ எடுத்துவிட்டு ஐ-இ-எஸ்: சிட்டி – சிட்டீஸ், பேபி – பேபீஸ். உயிரெழுத்து இருந்தால் வெறும் எஸ்: பாய்ஸ், டேஸ், கீஸ். ஆள் பெயரில் ஸ்பெல்லிங்கை மாற்றுவதில்லை. ஒரு வகுப்பில் இரண்டு மேரி இருந்தால் ஒய்-க்குப் பின்னால் எஸ் மட்டும்தான். நம் ஊர் ஹோட்டல் போர்டுகளில் இட்லியை ஒய் போட்டு எழுதும் வழக்கம் இருக்கிறது. அப்படி எழுதினால் பன்மைக்கு ஐ-இ-எஸ் போட வேண்டும், ஐ போட்டு எழுதினால் எஸ் போதும். இரண்டும் அந்தந்த வழியில் சரிதான்.

எஃப் விஷயத்தில் முழு விதி கிடையாது. நைஃப், வைஃப், லீஃப், லோஃப், ஹாஃப், ஷெல்ஃப், தீஃப், உல்ஃப் இவற்றில் எஃப் போய் வி வரும்: நைவ்ஸ், வைவ்ஸ், லீவ்ஸ். பழைய ஆங்கிலத்தில் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே எஃப் வந்தால் அதை 'வ்' என்றே உச்சரித்தார்கள், அதன் மிச்சம் இது. 'சீஃப்', 'ப்ரூஃப்' போல பிரெஞ்சிலிருந்து பின்னால் வந்து சேர்ந்தவற்றுக்கு அந்தப் பழக்கம் ஒட்டவில்லை, அதனால் வெறும் எஸ். 'ரூஃப்' பழைய ஆங்கிலச் சொல்லே என்றாலும் இன்றைக்கு 'ரூஃப்ஸ்' என்பதுதான் பொது வழக்கு. 'ஸ்கார்ஃப்', 'ஹூஃப்' இரண்டு வகையிலும் எழுதப்படுகின்றன.

ஓ-வில் பொட்டேட்டோ, டொமேட்டோ, ஹீரோ, எக்கோ இவற்றுக்கு இ-எஸ். போட்டோ, பியானோ, ரேடியோ, வீடியோ, கிலோ இவற்றுக்கு எஸ். மேங்கோவுக்கு இரண்டும் செல்லும். பொட்டேட்டோவின் பன்மையில் வரும் அந்த இ ஒருமையில் கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1992-ல் அமெரிக்கத் துணை ஜனாதிபதி டான் குவேல், நியூஜெர்சி மாநிலம் டிரெண்டனில் ஒரு பள்ளிக்குப் போயிருந்தார். ஸ்பெல்லிங் போட்டியில் ஒரு சிறுவன் கரும்பலகையில் பொட்டேட்டோ என்று சரியாக எழுத, அவர் கடைசியில் ஒரு இ சேர்க்கச் சொன்னார். அவர் கையில் கொடுக்கப்பட்டிருந்த அட்டையிலேயே தவறாகத்தான் இருந்ததாம். ஆனாலும் அந்த இ அவரை விடவில்லை, இன்றைக்கும் அவர் பெயரைச் சொன்னால் பலருக்கு உருளைக்கிழங்குதான் ஞாபகம் வருகிறது.

ஃபுட் – ஃபீட், மவுஸ் – மைஸ் இதெல்லாம் எங்கிருந்து வந்தது?

உயிரொலி மாறிப் பன்மையாகும் சொற்கள் இன்றைக்கு ஏழுதான்: மேன், வுமன், ஃபுட், டூத், கூஸ், மவுஸ், லவுஸ். ஆங்கிலத்துக்கு மூதாதையான ஜெர்மானிய மொழியில் இவற்றின் பன்மை விகுதியில் ஓர் 'இ' ஒலி இருந்தது. அடுத்து வரப்போகும் இ-க்கு வாய் முன்கூட்டியே தயாரானதால் முன்னால் இருந்த உயிரொலியும் அந்தப் பக்கம் நகர்ந்தது. காலப்போக்கில் விகுதி தேய்ந்து உதிர்ந்துவிட்டது. நகர்ந்த உயிர் நகர்ந்தபடியே நின்றுவிட்டது.

முன்பு இந்தக் கூட்டம் பெரியது. புக் என்ற சொல்லுக்கே பழைய ஆங்கிலத்தில் 'போக்' என்பது ஒருமை, 'பேச்' என்பது பன்மை. எஸ் பரவப் பரவ அதெல்லாம் போய்விட்டது. தினமும் வாயில் புரளும் சொற்கள் மட்டும் தப்பின.

'வுமன்' சொல்லில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்பெல்லிங்கில் மாறுவது பின்பாதி, ஏ போய் இ வருகிறது. உச்சரிப்பில் மாறுவது முன்பாதி: வுமன், விமின். பலர் இரண்டையும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்.

கீரிக்கு ஆங்கிலம் 'மங்கூஸ்'. கூஸ் – கீஸ் என்பதைப் பார்த்து 'மங்கீஸ்' என்று சொல்லக் கூடாது, 'மங்கூஸஸ்'தான். வாத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது இந்தியாவிலிருந்து போன சொல், அகராதிகள் மராத்தியைக் கைகாட்டுகின்றன.

சில்ட்ரன் என்பதில் அந்த 'ரன்' என்ன?

அது இரட்டைப் பன்மை. 'சைல்ட்' என்பதற்குப் பழைய பன்மை ஆர் ஒலி சேர்ந்து 'சில்ட்ரு' என்று இருந்தது, பிறகு 'சில்டர்' ஆனது. அது பன்மை மாதிரி கேட்கவில்லையென்று அப்போது செல்வாக்காக இருந்த இ-என் விகுதியையும் மேலே ஒட்டிவிட்டார்கள். 'ஆக்ஸ் – ஆக்ஸன்' சொல்லில் இருப்பதும் அதே இ-என்தான். ஒரு காலத்தில் கண்களுக்கு 'ஐயன்', செருப்புகளுக்கு 'ஷூன்', வீடுகளுக்கு 'ஹவுசன்' என்றும் சொன்னார்கள்.

எந்த விகுதி வெல்லும் என்று தெரியாமல் மக்கள் திண்டாடிய காலத்தை இங்கிலாந்தில் முதன்முதலாக அச்சகம் வைத்த வில்லியம் காக்ஸ்டன் 1490-ல் ஒரு முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார். தேம்ஸ் ஆற்றிலிருந்து கப்பலில் கிளம்பிய வணிகர்கள் காற்றில்லாமல் கரையோரம் தங்க நேர்ந்தது. அவர்களில் ஒருவர் ஒரு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட ஏதாவது கேட்டார், குறிப்பாக 'எக்ஸ்' வேண்டும் என்றார். அந்த வீட்டம்மா, எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று சொல்லிவிட்டார். வணிகருக்குக் கோபம் வந்துவிட்டது, அவருக்கும் பிரெஞ்சு தெரியாது! கூட வந்த இன்னொருவர் 'ஐரன்' வேண்டும் என்றார். இப்போது சரியாகப் புரிகிறது என்றார் அந்த அம்மா.

இரண்டும் முட்டைதான். 'எக்' ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறிய சொல், எஸ் போட்டுப் பன்மை. 'ஐரன்' உள்ளூர்ச் சொல், சில்ட்ரன் மாதிரியே ஆர் ஒலியும் இ-என் விகுதியும் சேர்ந்த பன்மை. முட்டைக்கு எஸ் வென்றது, குழந்தைக்கு வெல்லவில்லை.

ஃபர்னிச்சர்ஸ், லக்கேஜஸ், இன்ஃபர்மேஷன்ஸ் என்று சொல்லலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

ஆங்கிலம் சில பொருள்களை எண்ணக்கூடியதாக வைத்திருக்கிறது, சிலவற்றை எண்ண முடியாத மொத்தமாக வைத்திருக்கிறது. தண்ணீர், மணல், பால் மொத்தம் என்பது நமக்கும் புரிகிறது. நாற்காலியும் மேஜையும் கண்ணெதிரே தனித்தனியாக நிற்கும்போது ஃபர்னிச்சர் எப்படி மொத்தமாகும் என்பதுதான் குழப்பம். காரணம் பொருளில் இல்லை, சொல்லில் இருக்கிறது. பிரெஞ்சில் ஃபர்னிச்சருக்கான சொல்லுக்கும் பன்மை உண்டு, இன்ஃபர்மேஷனுக்கும் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இல்லை. ஆங்கிலத்துக்குள்ளேயே பார்த்தாலும், கோதுமை 'வீட்' மொத்தம், அதே அளவு மணியுள்ள 'ஓட்ஸ்' எப்போதும் பன்மை. ஸ்பகெட்டி ஒருமை, நூடுல்ஸ் பன்மை. தட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் கிடக்கின்றன. ஆகவே யோசித்துக் கண்டுபிடிக்கப் பார்க்க வேண்டாம், சொல்லோடு சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

நம்மவர்கள் அடிக்கடி எஸ் போட்டுவிடும் மொத்தச் சொற்கள் இவை: அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ், பேக்கேஜ், எக்விப்மென்ட், மெஷினரி, ஹோம்வொர்க், சாஃப்ட்வேர், ஃபீட்பேக், எவிடன்ஸ், ஸ்டேஷனரி, ஜுவல்லரி, சீனரி, டிராஃபிக். இவற்றின் முன்னால் 'எ', 'ஆன்' போடுவதும் தவறு. 'ஆன் அட்வைஸ்' கிடையாது. எண்ணித்தான் ஆக வேண்டுமென்றால் 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்', 'டூ பீசஸ் ஆஃப் லக்கேஜ்'. 'மெனி இன்ஃபர்மேஷன்' இல்லை, 'மச்' அல்லது 'எ லாட் ஆஃப்'.

இதில் ஒழுங்கை எதிர்பார்க்கக் கூடாது. மெயில் மொத்தம், ஈமெயில் எண்ணத்தக்கது, 'டூ ஈமெயில்ஸ்' என்று தாராளமாக எழுதலாம். ஜாப் எண்ணத்தக்கது, வேலையைக் குறிக்கும் வொர்க் மொத்தம். சந்தேகம் வந்தால் நல்ல கற்போர் அகராதியைப் பாருங்கள், பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் சி என்றோ யூ என்றோ இருக்கும். சி என்றால் கவுண்டபிள், யூ என்றால் அன்கவுண்டபிள். பலர் அந்த எழுத்தைக் கவனிப்பதே இல்லை.

ஆனால் 'டூ காஃபீஸ்' என்று கேட்கிறார்களே?

கேட்கலாம். அங்கே 'இரண்டு கப்' என்பது உள்ளே அடங்கியிருக்கிறது. அதே மாதிரி 'வைன்ஸ்' என்றால் பல வகை வைன். ஒரே சொல் மொத்தமாக ஒரு பொருளும் எண்ணத்தக்கதாக இன்னொரு பொருளும் தருவது சாதாரணம். பேப்பர் என்றால் காகிதம், எ பேப்பர் என்றால் நாளிதழோ ஆய்வுக் கட்டுரையோ. எக்ஸ்பீரியன்ஸ் என்றால் வேலை அனுபவம், எக்ஸ்பீரியன்சஸ் என்றால் வாழ்க்கையில் நடந்த சம்பவங்கள். தலைமுடி முழுவதும் 'ஹேர்', சாம்பாரில் கிடந்தது 'எ ஹேர்'.

எஸ் சேர்ந்ததும் பொருளே வேறாகிவிடும் சொற்களில் கவனம் வேண்டும். 'டேமேஜ்' சேதம், 'டேமேஜஸ்' கோர்ட் கொடுக்கச் சொல்லும் நஷ்டஈடு. வெள்ளத்தில் வீடுகளுக்கு 'டேமேஜஸ்' என்று செய்தி எழுதினால் சரியாகாது. 'கஸ்டம்' வழக்கம், 'கஸ்டம்ஸ்' சுங்கத்துறை. 'மினிட்' நிமிடம், 'மினிட்ஸ்' கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பும் ஆகும்.

ஆங்கிலத்தில் 26 ஆல்ஃபபெட்ஸ் உண்டு என்பது சரியா?

தவறு, ஆனால் ஊரெல்லாம் அப்படித்தான் சொல்கிறோம். ஆல்ஃபபெட் என்பது முழு எழுத்து வரிசைக்கும் பெயர், ஆங்கிலத்தில் அது ஒன்றுதான். அதில் இருப்பவை 26 லெட்டர்ஸ்.

நியூஸ், மேத்தமேடிக்ஸ், சம்மன்ஸ்... எஸ்ஸில் முடிந்தால் பன்மைதானே?

இவை மூன்றும் ஒருமை. 'தி நியூஸ் இஸ்', 'மேத்தமேடிக்ஸ் இஸ்', 'ஃபிசிக்ஸ் இஸ்'. லென்ஸும் ஒருமையே, இரண்டு என்றால் லென்சஸ். சீரீஸ், ஸ்பீஷீஸ் இரண்டுக்கும் ஒருமையும் பன்மையும் ஒரே வடிவம்.

கோர்ட் அனுப்பும் 'சம்மன்ஸ்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதன் கடைசி எஸ் சொல்லின் பகுதி, விகுதி இல்லை. இரண்டு வந்தால் 'சம்மன்சஸ்'. தமிழில் நாம் அதைப் பன்மை என்று எண்ணி வாலை நறுக்கி 'சம்மன்' ஆக்கிவிட்டோம், நாளிதழ்களும் அப்படியே எழுதுகின்றன. இதற்காக யாரும் வெட்கப்பட வேண்டாம். ஆங்கிலேயரும் இதையே செய்திருக்கிறார்கள். பட்டாணிக்கு அவர்களிடம் முதலில் இருந்த சொல் 'பீஸ்', அது ஒருமை. எஸ் ஒலியைக் கேட்டுப் பன்மை என்று நினைத்து 'பீ' என்று ஓர் ஒருமையை உண்டாக்கினார்கள். செர்ரிப் பழத்தின் பெயரும் அப்படி வால் இழந்ததுதான்.

'ஒரு லேடீஸ்' என்கிறோமே?

தமிழ்ப் பேச்சுக்குள் அது தமிழ்ச் சொல்லாகிவிட்டது, விட்டுவிடலாம். ஆங்கிலத்தில் பேசும்போது பெண் ஒருவர் என்றால் லேடி, ஆண் ஒருவர் என்றால் ஜென்டில்மேன்.

ஸிசர்ஸ், பேண்ட்ஸ்?

எப்போதும் பன்மை. ஒன்றே இருந்தாலும் 'தி ஸிசர்ஸ் ஆர்'. எண்ணிக்கைக்கு 'எ பேர் ஆஃப்'. மூக்குக் கண்ணாடியான 'கிளாஸஸ்' சொல்லுக்கும் அதே கதை.

'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' ஏன் தவறு?

'என் நண்பர்களில் ஒருவர்' என்பதுதானே பொருள்? ஒருவரைப் பிரித்தெடுக்க முதலில் கூட்டம் வேண்டும். ஆகவே 'ஒன் ஆஃப்' வந்தால் பின்னால் பன்மை கட்டாயம்: ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ். ஆனால் வினை அந்த ஒருவரைப் பார்க்கும்: 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் இன் துபாய்'. ஃப்ரெண்ட்ஸுக்குப் பக்கத்தில் இஸ் வருவது காதுக்கு இடறும், இருந்தாலும் அதுதான் சரி.

'ஈச்', 'எவ்ரி' வந்தால் ஒருமை: எவ்ரி ஸ்டூடன்ட் ஹேஸ். 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர்', 'தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் இஸ்'. முன்னதில் 'பல மாணவர்கள்', பின்னதில் 'மாணவர் எண்ணிக்கை'. போட்டித் தேர்வுகளில் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்வி இது.

ஸ்டாஃப், போலீஸ், டீம் இவற்றுக்கு இஸ்ஸா, ஆரா?

போலீஸுக்கு எப்போதும் ஆர். ஒரு காவலரைச் சொல்ல வேண்டுமென்றால் 'எ போலீஸ் ஆஃபிசர்'. ஸ்டாஃப் என்பது ஊழியர் கூட்டம் முழுவதற்கும் பெயர், ஓர் அலுவலகத்தில் இருக்கும் பத்துப் பேர் பத்து 'ஸ்டாஃப்ஸ்' ஆக மாட்டார்கள். 'டென் ஸ்டாஃப் மெம்பர்ஸ்' என்று எழுதுங்கள்.

டீம், கமிட்டி, கவர்ன்மென்ட் இவற்றுக்கு அமெரிக்காவில் பெரும்பாலும் இஸ். பிரிட்டனில் ஆட்களை மனதில் வைத்தால் ஆர், அமைப்பை மனதில் வைத்தால் இஸ். கிரிக்கெட் வர்ணனையில் 'இந்தியா ஆர் 200 ஃபார் 3' என்று கேட்பது பிரிட்டிஷ் வழக்கு, அங்கே இந்தியா என்பது நாடு இல்லை, பதினொரு பேர். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

பீப்பிள் பன்மை என்றால் 'பீப்பிள்ஸ்' என்று ஒன்று இருக்கிறதே?

இருக்கிறது. பீப்பிள் என்றால் ஆட்கள். எ பீப்பிள் என்றால் ஓர் இனம் அல்லது மக்கள் கூட்டம், பல இனங்கள் என்றால் பீப்பிள்ஸ். இந்த ஓர் எஸ்-க்காக ஐக்கிய நாடுகள் சபையில் ஆண்டுக்கணக்கில் இழுபறி நடந்தது. சர்வதேசச் சட்டத்தில் சுயநிர்ணய உரிமை என்பது 'பீப்பிள்ஸ்' என்ற சொல்லோடு கட்டப்பட்டது. பழங்குடிகளை அப்படி அழைத்தால் தனி நாடு கேட்பார்களோ என்று பல அரசுகள் தயங்கின. 1993-ஐப் பழங்குடியினர் ஆண்டாக ஐ.நா. அறிவித்தபோது அதன் பெயரில் 'இண்டிஜினஸ் பீப்பிள்' என்றுதான் இருந்தது, எஸ் இல்லை. பழங்குடித் தலைவர்கள் விடவில்லை. 2007-ல் நிறைவேறிய உரிமைப் பிரகடனத்தின் தலைப்பில் எஸ் ஏறியது.

'பர்சன்ஸ்' சட்டத்திலும் அறிவிப்புப் பலகையிலும் வரும், லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். பேச்சில் பீப்பிள் போதும்.

டேட்டா, அலும்னி, சிலபஸ் போன்ற லத்தீன் சொற்களுக்கு என்ன செய்வது?

டேட்டா லத்தீனில் பன்மை. அறிவியல் கட்டுரைகளில் 'டேட்டா ஆர்' இன்னும் உண்டு, மற்ற இடங்களில் 'டேட்டா இஸ்' நிலைத்துவிட்டது. அஜெண்டாவும் அப்படிப் பன்மையாக இருந்து ஒருமையானதே. கிரேக்கச் சொல்லான 'கிரைட்டீரியா' மட்டும் இன்னும் பிடிவாதமாகப் பன்மை, ஒன்று என்றால் 'கிரைட்டீரியன்'. 'ஃபினாமினா'வும் அப்படியே. 'ஐ ஆம் ஆன் அலும்னி' என்று புரொஃபைலில் எழுதுகிறவர்கள் மாற்றிக்கொள்ளலாம். ஆண் அலும்னஸ், பெண் அலும்னா, கூட்டமாக இருந்தால்தான் அலும்னி.

சிலபஸுக்கு 'சிலபை' என்று சொல்வதில் ஒரு பண்டிதத் தோரணை இருக்கிறது. ஆனால் சிலபஸ் சரியான லத்தீன் சொல்லே இல்லை. பண்டைய ரோமானிய எழுத்தாளர் சிசரோவின் கடிதங்கள் 15-ஆம் நூற்றாண்டில் அச்சேறியபோது வேறொரு சொல்லைத் தப்பாக அச்சிட்டதில் பிறந்தது அது. 'சிலபசஸ்' என்று எழுதுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. ஆக்டோபஸ் கிரேக்க வேர் கொண்டது, 'ஆக்டோபை' என்பது லத்தீன் என்று நினைத்துச் செய்த பன்மை. 'ஆக்டோபசஸ்' போதும்.

டூ ஹண்ட்ரட்ஸா, டூ ஹண்ட்ரடா? எடைக்கு 'கேஜிஎஸ்' போடலாமா?

குறிப்பிட்ட எண் வந்தால் ஹண்ட்ரட், தௌசண்ட், லாக், குரோர் எதற்கும் எஸ் இல்லை: டூ ஹண்ட்ரட் ரூபீஸ், ஃபைவ் லாக் ரூபீஸ். பொதுவாக 'நூற்றுக்கணக்கில்' என்றால் 'ஹண்ட்ரட்ஸ் ஆஃப்'. எண்ணும் பெயரும் சேர்ந்து இன்னொரு சொல்லுக்கு அடைமொழியானால் எஸ் போய்விடும்: எ டென்-ருபீ நோட், எ ஃபைவ்-இயர்-ஓல்டு பாய். தொகையை மொத்தமாகச் சொல்லும்போது வினை ஒருமை: 'டென் ரூபீஸ் இஸ் இனஃப்'. ஒன்றரை, பன்மைக் கணக்கில் சேரும், 'ஒன் அண்ட் எ ஹாஃப் அவர்ஸ்'. பூஜ்யமும் அப்படியே, 'சீரோ மார்க்ஸ்'.

கிலோகிராமின் குறியீடு கே-ஜி. சர்வதேச அளவீட்டு முறைப்படி குறியீட்டுக்குப் பன்மையே கிடையாது, ஒரு கிலோவானாலும் நூறு கிலோவானாலும் கே-ஜிதான். பில்லில், மூட்டையில், கல்யாண மளிகை லிஸ்டில் எல்லாம் எஸ் சேர்ந்தே வருகிறது. முழுச் சொல்லாக எழுதினால் மட்டும் 'கிலோகிராம்ஸ்'.

மாமியார்கள் இரண்டு பேர் என்றால் 'மதர்-இன்-லாஸ்' தானே?

'மதர்ஸ்-இன்-லா'. எந்தச் சொல் ஆளைக் குறிக்கிறதோ அதற்கு எஸ். வழிப்போக்கர்கள் 'பாஸர்ஸ்-பை', அரசின் தலைமை வழக்கறிஞர்கள் 'அட்டர்னீஸ் ஜெனரல்'. ராணுவத்தில் 'மேஜர் ஜெனரல்ஸ்' என்று வருவதும் அதே கணக்குதான், அங்கே ஆள் ஜெனரல், மேஜர் அடைமொழி.

பன்மைக்கு அப்போஸ்ட்ரஃபி போடலாமா?

போடக் கூடாது. எழுத்துக்கு மேலே தொங்கும் அந்தக் கொம்பு உடைமைக்கு. 'டொமேட்டோ'ஸ்' என்று கடையில் எழுதி வைத்தால் தக்காளிக்குச் சொந்தமான ஏதோ ஒன்று என்றாகும். இங்கிலாந்திலும் காய்கறிக் கடைக்காரர்கள் இதைச் செய்து செய்து, அந்தத் தவறுக்கே காய்கறிக் கடை அப்போஸ்ட்ரஃபி என்று பெயர் வந்துவிட்டது. எம்எல்ஏ, சிடி போன்ற சுருக்கங்களுக்கும் 1990 போன்ற ஆண்டுகளுக்கும் சின்ன எஸ் மட்டும் போதும். தனி எழுத்துகளுக்குப் பன்மை எழுதும்போது மட்டும் விலக்கு உண்டு. சின்ன ஏ எழுத்துக்கு வெறும் எஸ் போட்டால் 'ஆஸ்' என்ற சொல்லாகிவிடும் என்பதால் நடுவில் கொம்பு வைப்பார்கள்.